பாட்டாவின் பர்மா ஸ்டார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பாட்டா இரண்டாம் உலகப் போரின்போது நேவியில் இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் இரண்டு நட்சத்திர மெடல்களும் ஒரு வட்ட மெடலும் இருக்கின்றன. ஒரு நட்சத்திரத்தில் ‘பர்மா ஸ்டார்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. வீரச் செயலுக்காக வெள்ளைக்காரன் கொடுத்தது என்பார்கள் வீட்டில். ‘தல்வார்’ என்ற கப்பலில் இருந்தாராம். அந்தக் கப்பல் எந்தப் போரில் கலந்துகொண்டது என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. யாரிடம் கேட்பது?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தல்வார் கப்பலே அல்ல. பம்பாயில் இருந்த சிக்னல் பயிற்சிப் பள்ளியின் பெயர் அது. 1946 பிப்ரவரி 18 அன்று கடற்படை வீரர்களின் கிளர்ச்சி தொடங்கிய இடம். கடற்படையில் கரையில் உள்ள முகாமுக்கும் கப்பலைப் போலவே பெயர் வைப்பார்கள். வெந்துருத்தி என்றால் கொச்சி, அடையாறு என்றால் சென்னை, சர்க்கார்ஸ் என்றால் விசாகப்பட்டினம். இது தெரியாமல் இல்லாத கப்பலைத் தேடி அலைகிறவர்கள் ஏராளம்.

பர்மா ஸ்டாரும் வீரப் பதக்கம் அல்ல. குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட போர்முனையில் பணியாற்றிய எல்லோருக்கும் உரியது. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை என்பது அதன் காலம். கடற்படைக்காரருக்கு வங்காள விரிகுடாப் பக்கம் கப்பலில் பணி செய்திருக்க வேண்டும். அதற்கு முன்பே ஆறு மாதம் கடலில் போர்ப் பணி செய்து 1939–45 ஸ்டாருக்குத் தகுதி பெற்றிருக்கவும் வேண்டும். விதிவிலக்குகள் உண்டு என்றாலும் பொதுவான கணக்கு இதுதான். உங்கள் பெட்டியில் உள்ள இன்னொரு நட்சத்திரம் பெரும்பாலும் அந்த 1939–45 ஸ்டாராகத்தான் இருக்கும். நடுவட்டத்தைச் சுற்றியுள்ள எழுத்தைப் பாருங்கள். ஆக, பாட்டா தல்வாரில் சிக்னலோ வயர்லெஸ்ஸோ படித்திருக்கலாம். கரையில் உட்கார்ந்திருந்தால் அந்த ஸ்டார் கிடைத்திருக்காது. வீட்டில் யாருக்கும் நினைவில்லாத ஒரு கப்பல் பெயர் எங்கோ ஒரு தாளில் இருக்கிறது. தேட வேண்டியது அதைத்தான்.

அதற்கு முதலில் சர்வீஸ் நம்பர் வேண்டும். வட்ட மெடலின் விளிம்பைப் பாருங்கள். அது 1939–45 வார் மெடல் என்றால் குறுக்களவு 36 மில்லிமீட்டர் இருக்கும். பின்புறம் இரட்டைத் தலை டிராகனைச் சிங்கம் மிதித்து நிற்கும். விளிம்பில் எண், பெயர், பதவிச் சுருக்கம், பிறகு ‘ஆர்.ஐ.என்.’ (ராயல் இந்தியன் நேவி) என்ற மூன்றெழுத்து என்ற வரிசையில் பொறித்திருப்பார்கள். எழுத்து தேய்ந்திருந்தால் இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மெடலை மெல்ல உருட்டிக்கொண்டே போனில் படம் எடுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய டிரேசிங் தாளைச் சுற்றி வைத்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். நட்சத்திரத்தின் பின்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். இந்தியப் படையினருக்குத் தந்தவற்றில் அங்கே பெயர் அடித்தவை உண்டு. பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயரே இல்லாமல்தான் கொடுத்தார்கள். பெயர் இல்லை என்பதை வைத்துப் போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். விளிம்பின் ஒரு பகுதி மட்டும் அரத்தால் ராவியதுபோல் சப்பையாக இருந்தால் யாரோ பழைய பெயரை அழித்திருக்கிறார்கள் என்று பொருள். வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியால் பல இடங்களில் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

எண் கிடைத்ததும் மும்பை மான்குர்டு, சீத்தா கேம்ப்பில் உள்ள கடற்படையின் பீரோ ஆஃப் செய்லர்ஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மாலுமிகளின் பணிப் பதிவேடுகளைக் கவனிப்பது அதுதான். ‘தாத்தாவைப் பற்றிய விவரம் வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். எந்தக் கப்பலில், எந்த முகாமில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பெற்ற பதக்கங்கள், பணி விடுவித்த நாளும் காரணமும் – இவற்றைக் காட்டும் பக்கங்களின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மெடல் விளிம்பின் படம் ஆகியவற்றை இணையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம்.

உங்கள் ஊர்க்காரர்கள் சறுக்குவது முகவரியில்தான். விளவங்கோடும் கல்குளமும் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பாட்டா சேர்ந்த காலத்தில் அது திருவிதாங்கூர் சமஸ்தானம். கன்னியாகுமரி மாவட்டம் என்று எழுதினால் அப்படியொரு மாவட்டம் அந்தப் பதிவேட்டில் இருக்காது. ‘திருவிதாங்கூர், விளவங்கோடு தாலுகா’ என்று பழைய முறையிலும் எழுதுங்கள். பெயரின் எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் கொடுங்கள். அப்பா பெயர், வீட்டுப்பெயர், சாதிப்பெயர் மூன்றில் எதைக் கிளார்க் கடைசியில் எழுதினாரோ அதன்கீழ்தான் பெயர் வரிசைப்பட்டிருக்கும். ‘ழ’வை எப்படி எழுதினார் என்பதும் அவர் இஷ்டம்.

போர்க்காலத்துக்கு மட்டும் சேர்ந்து 1946 வாக்கில் விடுவிக்கப்பட்டவர்களில் பலருக்குப் பென்ஷன் கிடையாது. ஆகவே பென்ஷன் புத்தகம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தோடு நிற்காமல் திருவனந்தபுரத்தில் உள்ள அதே துறை அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

லண்டனுக்குப் பணம் அனுப்ப அவசரப்படாதீர்கள். க்யூவில் உள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தின் ஏ.டி.எம். (ADM) 188 என்ற தொகுப்பு பிரிட்டிஷ் ராயல் நேவி மாலுமிகளுடையது. பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் அதிகாரிகளைத் தேடத்தான் உதவும். சாதாரண மாலுமிக்கு மும்பைதான் வழி. கப்பல் பெயரும் தேதியும் கைக்கு வந்தபின், இந்திய அரசு வெளியிட்ட இரண்டாம் உலகப் போர் அதிகாரபூர்வ வரலாற்று வரிசையில் கடற்படைக்கான தொகுதியைப் புரட்டுங்கள். பர்மாவின் ஆராக்கன் கடற்கரையில் எந்தக் கப்பல் என்ன செய்தது என்று அதில் பார்க்கலாம்.

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் செம்பு நிற மெடலில் ஒரு நீராவிக் கப்பலும் 1914–1918 என்ற ஆண்டும் இருக்கின்றன. விளிம்பில் பெயர் மட்டும்தான், எண் இல்லை. ரிப்பன் பச்சையும் சிவப்பும். இதுவும் கடற்படையா?
– ஒரு வாசகி, பள்ளிப்பட்டு

பதில்: இல்லை, வணிகக் கப்பல். மெர்கன்டைல் மெரைன் வார் மெடல் என்பார்கள். ரிப்பனின் பச்சையும் சிவப்பும் கப்பலின் வலது, இடது பக்க விளக்குகள். நடுவில் உள்ள வெள்ளைக் கோடு பாய்மர உச்சி விளக்கு. விளிம்பில் பெயர் மட்டும் இருப்பதே இதன் வழக்கம். இதற்கு மட்டும் நீங்கள் லண்டன் க்யூ காப்பகத்தைத்தான் நாட வேண்டும்: பி.டி. (BT) 351 என்ற தொகுப்பில் மெடல் அட்டைகள் உள்ளன. விளிம்பில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே இட்டுத் தேடுங்கள், நாம் இன்று எழுதும் முறையில் அல்ல. அட்டையில் ஊர் குறிப்பிட்டிருந்தால் அது சித்தூர் மாவட்டம் என்றே இருக்கும். உங்கள் பகுதி 1960-இல்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. விலை மதிப்பிட என்று யாரேனும் கேட்டால் படத்தை மட்டும் அனுப்புங்கள். நூறாண்டு தாண்டிய பழம்பொருளை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.

கேள்வி: அப்பாவின் 1971 போர் மெடலான பூர்வி ஸ்டார் கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: வேண்டவே வேண்டாம். புளி, சாம்பல், பித்தளை பாலிஷ் எல்லாமே உலோகத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும்; முதலில் போவது பொறித்த எழுத்து. கறுப்பு கெடுதல் செய்யாது. பச்சைக் களிம்பு பூத்திருந்தால் மட்டும் ரிப்பனைக் கழற்றிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி உலர்த்துங்கள். பி.வி.சி. உறையில் போட்டால் களிம்பு மறுபடியும் வரும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு டப்பாவில் வையுங்கள். தென்மலைப் பக்கத்து மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள்.