தலவாக்கலை தம்பிக்கு: போஸ்ட்கிரெஸ் லைப்ரரி பிழை

தம்பி, தேயிலைக் கொழுந்து நிறுவைக் கணக்குக்கு உபுண்டு லினக்ஸில் ஆப்ட் என்ற இன்ஸ்டால் கருவி மூலம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் போட்டு, அதை நீக்கிவிட்டு, பிறகு சோர்ஸ் கோடிலிருந்து நீங்களே கம்பைல் செய்திருக்கிறீர்கள். இப்போது அதன் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல் 'லிப்பிக்யூ.எஸ்ஓ.5 கிடைக்கவில்லை' என்கிறது, போஸ்ட்கிரெஸின் மெமரி அளவான ஷேர்ட் பஃபர்ஸை மாற்றியும் பலனில்லை. இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம், அதற்கு அவசியமில்லை.

முதலாவது, அந்த லிப்பிக்யூ லைப்ரரி ஃபைல் கிடைக்காதது, சின்ன விஷயம். சோர்ஸ் வழியில் லைப்ரரிகள் வழக்கமாக யூஎஸ்ஆர், லோக்கல், பிஜிஎஸ்க்யூஎல், லிப் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் ஃபோல்டரில் விழும். லினக்ஸ் தானாக அங்கே தேடாது. ஈடிசிக்குள் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் புது கான்ஃப் ஃபைல் ஒன்றைத் திறந்து அந்தப் பாதையை ஒரே வரியாக எழுதி, ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டுங்கள், லைப்ரரிப் பட்டியல் புதுப்பிக்கப்படும். வேறு கணினியிலிருந்து ஃபைலைக் கொண்டுவந்து போடும் யோசனையை விட்டுவிடுங்கள், வெர்ஷன் பொருந்தாமல் போனால் தலைவலி இன்னும் கூடும்.

அடுத்தது கான்ஃபிக், அதாவது ஷேர்ட் பஃபர்ஸ் போன்ற அமைப்புகள் இருக்கும் ஃபைல். பர்ஜ் (முழு நீக்கம்) கொடுக்காமல் வெறும் ரிமூவ் கொடுத்தால் ஆப்ட் பழைய கான்ஃபிக் ஃபைல்களை ஈடிசியிலேயே விட்டுவிடும். நீங்கள் திருத்தியது அந்த அநாதை ஃபைலைத்தான் என்று நினைக்கிறேன். சோர்ஸிலிருந்து கம்பைல் செய்த சர்வர் படிப்பது இனிட்டிபி கட்டளை உருவாக்கிய டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலை. பிஎஸ்க்யூஎல் திறந்ததும் 'ஷோ கான்ஃபிக்_ஃபைல்' கேளுங்கள், சரியான பாதை வரும். அப்புறம், ஷேர்ட் பஃபர்ஸுக்கு ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பக்கத்திலேயே இருக்கும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப் ஃபைலைப் பாருங்கள், அதில் உள்ளதுதான் மேலோங்கும்.