இன்ஃபியூஷன் பம்பும் மனிதப் பிழையும்: கேள்வி பதில்

மருந்தைக் குறித்த வேகத்தில் உடம்பில் ஏற்றும் இன்ஃபியூஷன் பம்ப் போன்ற மருத்துவக் கருவிகளைக் கையாளும்போது ஆட்கள் எந்த இடத்தில் தவறுவார்கள், அதைக் கருவியின் வடிவமைப்பிலேயே எப்படித் தடுப்பது என்று பார்ப்பதுதான் என் வேலை. டாஸ்க் அனாலிசிஸ் (ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பது), எஃப்எம்இஏ (எது எப்படித் தவறும், விளைவு என்ன என்று பட்டியலிடுவது), அவற்றிலிருந்து ரெக்வயர்மென்ட் (கருவி என்ன செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை) எழுதுவது பற்றிக் கேளுங்கள். இன்று மாலை முழுக்க இங்கே இருப்பேன்.

பயோமெடிக்கல் மாணவி: அக்கா, ப்ராஜெக்டுக்கு இன்ஃபியூஷன் பம்ப் எடுத்திருக்கிறோம். டாஸ்க் அனாலிசிஸ் ஒரு கோப்பு, எஃப்எம்இஏ ஒரு கோப்பு என்று முடித்துவிட்டோம். இதிலிருந்து ரெக்வயர்மென்டுக்கு எப்படிப் போவது?

அவை இரண்டு கோப்புகளாக இருக்கும்வரை போக முடியாதும்மா. முதலில் ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு படியிலும் நர்ஸ் எதைப் பார்க்க வேண்டும், என்ன முடிவெடுக்க வேண்டும், கையால் என்ன செய்ய வேண்டும், செய்தது சரிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வார், இந்த நான்கையும் எழுதுங்கள். பிறகு நான்கில் ஒவ்வொன்றும் எப்படித் தவறும் என்று அதே வரியிலேயே எழுதுங்கள்.

ஒரு நிஜ சம்பவத்தை வைத்துச் சொல்கிறேன். 2006, கனடாவின் எட்மன்டன் நகரம். புற்றுநோயாளி ஒருவருக்கு ஃப்ளூரோயுராசில் மருந்து நான்கு நாட்களுக்குச் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும். பம்பில் போட வேண்டிய வேகம் மணிக்கு 1.2 மி.லி. போடப்பட்டதோ 28.8. நான்கு நாள் மருந்து சுமார் நான்கே மணி நேரத்தில் உடம்பில் ஏறிவிட்டது, நோயாளி சில வாரங்களில் இறந்துபோனார். 28.8 என்பது ஒரு நாளைக்கான அளவு, 24ஆல் வகுக்கும் படி விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவது நர்ஸும் சரிபார்த்திருக்கிறார். மருந்துப் பையின் லேபிளில் 28.8 என்ற எண்ணும் இருந்தது, அதனால் தப்பான விடையோடு லேபிளைப் பார்த்தவருக்கு அது சரியென்று லேபிளே உறுதி சொன்னது.

இப்போது நான்கு கேள்விகளையும் கேளுங்கள். பார்த்தது: லேபிளில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள். முடிவு: பம்ப் கேட்கும் அலகுக்குக் கையால் கணக்குப் போட வேண்டிய நிலை. செயல்: 28.8ஐ எந்தத் தடையும் இல்லாமல் ஏற்றுக்கொண்ட பம்ப். சரிபார்ப்பு: மருந்து எப்போது தீரும் என்று கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு ரெக்வயர்மென்ட் தானாக வருகிறது பாருங்கள். லேபிளில் பம்ப் கேட்கும் அலகில் ஒரே ஒரு வேகம்தான் அச்சாக வேண்டும். மொத்த அளவையும் கால அளவையும் கொடுத்தால் வேகத்தைப் பம்பே கணக்கிட வேண்டும். அந்த மருந்துக்குரிய உச்ச வேகத்தைத் தாண்டினால் பம்ப் ஓடத் தொடங்கக் கூடாது. தொடங்கு பொத்தானை அழுத்துவதற்கு முன்பே மருந்து தீரும் நாளும் நேரமும் திரையில் வர வேண்டும். வெள்ளிக்கிழமை தீர வேண்டியது இன்று மாலை நாலு மணிக்குத் தீரும் என்று திரையில் கண்டால் யாருக்கும் உறைக்கும். இவை நான்கையும் சோதித்துப் பார்க்க முடியும். “நர்ஸ் வேகத்தைக் கவனமாக உள்ளிட வேண்டும்” என்பதை எப்படிச் சோதிப்பீர்கள்? அதனால் அது ரெக்வயர்மென்டே இல்லை.

எம்பெடெட் டெவலப்பர்: ஆர்பிஎன் எத்தனைக்கு மேல் போனால் ரெக்வயர்மென்ட் எழுத வேண்டும்?

அப்படி ஒரு எண்ணை வைத்துக்கொள்ளாதீர்கள். தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிக்கும் வாய்ப்பு மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுப் பெருக்கினால் வருவதுதான் ஆர்பிஎன். அப்படிப் பெருக்கும்போது, ஆளைக் கொல்லும் ஆனால் அபூர்வமான தவறு பட்டியலில் கீழே போய்விடுகிறது. ஒரு மனிதர் எத்தனை முறைக்கு ஒருமுறை 24ஆல் வகுக்க மறப்பார் என்று அந்த அறையில் யாராலும் சொல்ல முடியாது, ஆனாலும் கட்டத்தில் 2 என்று நிரப்பிவிடுகிறார்கள். தீவிரத்தை மட்டும் வைத்து வடிகட்டுங்கள். மருத்துவக் கருவிகளின் பயன்பாட்டுக்கான ஐஇசி 62366-1 தரநிலைப்படி, எந்தப் பயன்பாட்டுச் சூழல்களைச் சோதிப்பது என்பதைத் தீவிரத்தை வைத்தே தேர்ந்தெடுக்கலாம்.

க்யூஏ பொறியாளர்: டெம்ப்ளேட் கிடைக்குமா?

மேலே சொன்ன நான்கு கேள்விகள்தான் டெம்ப்ளேட்.

ஐசியூ நர்ஸ்: மேடம், இதெல்லாம் மேசையில் உட்கார்ந்து எழுதுவது. பம்ப் ஓடத் தொடங்கக் கூடாது என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். நோயாளிக்கு பிபி சரிந்துகொண்டிருக்கும், டாக்டர் பிபியை உயர்த்தும் நார்அட்ரினலினை ஏற்றச் சொல்லிக் கத்துவார், அந்த நேரத்தில் பம்ப் முடியாது என்றால் நான் என்ன செய்வது? கவனமான ஆளைப் போட்டால் இந்தத் தவறே வராது.

சிஸ்டர், முதல் பாதியில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம், அதைத்தான் முதலில் பேச வேண்டும். ஒரு தடையைச் சேர்த்தால் டாஸ்க் மாறிவிடுகிறது, மாறிய டாஸ்க்கை மறுபடி அனாலிசிஸ் செய்ய வேண்டும். பெரும்பாலான டீம்கள் இந்தச் சுற்றை விட்டுவிடுகின்றன. உங்களிடமே கேட்கிறேன், பம்ப் மறுத்தால் அந்த நொடியில் என்ன செய்வீர்கள்?

ஐசியூ நர்ஸ்: பம்பில் இருக்கும் மருந்துப் பட்டியலை விட்டு வெளியே வந்து, மருந்தின் பெயர் போடாமல் வெறும் மி.லி. கணக்கில் ஓட்டுவோம். எல்லோரும் அப்படித்தான்.

இதற்காகத்தான் உங்களைப் போன்றவர்களை டாஸ்க் அனாலிசிஸில் உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எஃப்எம்இஏவில் ஒரு புது வரி கிடைத்துவிட்டது: தடையைத் தவிர்க்கப் பட்டியலை விட்டு வெளியேறுதல், விளைவாக எந்தப் பாதுகாப்பும் இல்லாத ஓட்டம். அதற்குரிய ரெக்வயர்மென்ட், மருந்துக்கு மருந்து தடை மாற வேண்டும் என்பது. நார்அட்ரினலினுக்கு எச்சரித்துவிட்டு ஒரே அழுத்தில் தாண்ட விடலாம். ஃப்ளூரோயுராசிலுக்கு அப்படித் தாண்ட வேண்டிய அவசரமே வராது, அங்கே முழுத் தடை.

டெவலப்பர்: எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை மட்டும் போதாதா? கோடும் சுலபம்.

போதாது. நாள் முழுக்க வரும் எச்சரிக்கையைத் திரையைப் பார்க்காமலே அழுத்தித் தள்ளப் பழகிவிடுவார்கள்.

ஐசியூ நர்ஸ்: சரி, ஏற்கிறேன். ஆனால் கவனமான ஆள் பற்றி நீங்கள் பதில் சொல்லவில்லை.

எட்மன்டனில் இரண்டு பேர் பார்த்தார்கள் சிஸ்டர். ஒரே லேபிளைப் பார்த்து ஒரே விதமாக யோசிக்கும் இரண்டாவது ஆள் தனிப் பாதுகாப்பு ஆகமாட்டார். உங்களுடைய இரவு ஷிஃப்டின் கடைசி மணி நேரத்தில் உங்கள் கவனத்தை மட்டும் நம்பி ஒரு உயிரை விடுவது உங்களுக்கும் அநியாயம். தவறு நடந்த பிறகு விசாரணையில் நிற்பது நீங்கள்தான், பம்பை வடிவமைத்தவர் இல்லை.

அனல்மின் நிலைய ஊழியர்: கண்ட்ரோல் ரூமுக்கும் இதே முறை பொருந்துமா சார்?

பொருந்தும் (மேடம் என்றே கூப்பிடலாம்). 1979ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தில் வால்வை மூடும் கட்டளை போனதும் பேனல் விளக்கு அணைந்தது, வால்வோ திறந்தே கிடந்தது. “சரிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வார்” என்ற நான்காவது கேள்வியின் தோல்வி அது. ரெக்வயர்மென்ட்: பேனல் காட்ட வேண்டியது வால்வின் உண்மை நிலையை, அதற்குப் போன கட்டளையை அல்ல. அனல்மின் நிலையத்துக்கே உரிய விவரங்களை அந்தத் துறையில் இருப்பவரிடம் கேளுங்கள்.

இன்னொருவர்: ஆர்பிஎன் 100க்கு மேல் என்று எங்கள் கம்பெனியில்...

மேலே பதில் இருக்கிறது, படியுங்கள்.

ரெகுலேட்டரி: மேனுவலில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டால் ரிஸ்க் குறைந்ததாகக் காட்டலாமா?

மருத்துவக் கருவிகளின் ரிஸ்க்கைக் கையாள்வதற்கான ஐஎஸ்ஓ 14971 தரநிலையின் வரிசைப்படி வடிவமைப்பு முதலில், பாதுகாப்புத் தடை அடுத்து, தகவல் கடைசியில். முதல் இரண்டும் ஏன் முடியவில்லை என்று எழுதிக் காட்ட முடிந்தால் மூன்றாவதற்கு வாருங்கள்.

புதியவர்: நர்ஸ்களுக்கு நல்ல ட்ரெயினிங் கொடுத்தால் போதாதா?

போதாது. ஐசியூ சிஸ்டருடன் நடந்த பேச்சை முழுக்கப் படியுங்கள்.

பயோமெடிக்கல் மாணவி: கடைசியாக ஒன்று அக்கா. எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது?

இறுதிச் சோதனைக்கு ஒவ்வொரு பயனர் பிரிவிலும் குறைந்தது 15 பேர் என்பது 2016ல் எஃப்டிஏ (அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பு) வெளியிட்ட வழிகாட்டுதல். உங்கள் ப்ராஜெக்டுக்கு ஐந்தாறு நர்ஸ்கள் கிடைத்தாலே நிறையத் தெரியும். வேண்டுமென்றே 28.8 என்று எழுதிய மருந்துச் சீட்டைக் கொடுத்து, தீரும் நேரத்தைத் திரையில் பார்த்து எத்தனை பேர் நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். நிறுத்தாதவர்களிடம் அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று குறை சொல்லாமல் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமா, இடத்தை மாற்ற வேண்டுமா, முழுத் தடையே போட வேண்டுமா என்பது அதிலிருந்துதான் தெரியும்.