ஏழாம் பின்னைத் தவறவிடாதவர்: வாசகர் கேள்வி பதில்

பந்தை உருட்டிப் பத்துப் பின்களை (நிற்கும் கட்டைகளை) வீழ்த்தும் டென்பின் பௌலிங் பற்றிய இந்தப் பகுதிக்கு இம்முறை ஒரே குழுவிலிருந்து நான்கு கடிதங்கள் வந்துள்ளன. பல்லாண்டுகளாக அக்குழுவில் ஆடிவந்த இடக்கை ஆட்டக்காரர் ஒருவர் காலமாகிவிட்டார். குழுத் தலைவர், அவருடைய மகள், குழுவுக்குப் புதிதாக வந்தவர், பதினோரு வயதுப் பேரன் என நால்வரும் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம். இந்த இதழ் முழுவதும் அவர்களுக்கே.

கேள்வி: அவர் நினைவாக ஒருநாள் போட்டி வைக்க விரும்புகிறோம். எங்களில் சராசரி மதிப்பெண் 130 உள்ளவரும் இருக்கிறார், 205 உள்ளவரும் இருக்கிறார். நியாயமாக நடத்துவது எப்படி? ஆட்ட வரிசையில் அவர் பெயரும் இருக்கவேண்டும் என்பது எல்லோருடைய ஆசை.

பதில்: ஐயா, ஹேண்டிகேப் முறையில், அதாவது சராசரி குறைந்தவருக்கு ஈடாகக் கூடுதல் மதிப்பெண் கொடுத்து, நடத்துங்கள். அடிப்படை எண்ணை 220 என வையுங்கள். ஒருவரின் சராசரியை அதிலிருந்து கழித்து, மீதியில் 90 விழுக்காட்டை ஒவ்வோர் ஆட்டத்திலும் அவருக்குக் கூட்டிக் கொடுங்கள். பின்னம் வந்தால் விட்டுவிடலாம். சராசரி 130 என்றால் வித்தியாசம் 90, ஹேண்டிகேப் 81. சராசரி 205 என்றால் வித்தியாசம் 15, ஹேண்டிகேப் 13. கூட்டிப் பார்த்தால் 211, 218. 75 பின் இடைவெளி 7 ஆகச் சுருங்கிவிடுகிறது. வல்லவருக்குச் சிறு சாதகம் மிஞ்சுகிறது, அது இருக்கட்டும். பலர் செய்யும் தவறு, அடிப்படை எண்ணை 200 என்று வைப்பது. 205 உள்ளவரின் கூடுதல் 5 பின்னுக்கு அங்கே ஈடே கிடையாது. குழுவின் உயர்ந்த சராசரிக்கு மேல்தான் அந்த எண் இருக்கவேண்டும்.

அவர் பெயரை வரிசையில் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மற்றவர்களைப் போலவே தட்டச்சு செய்துவிட்டால், அவர் முறை வரும்போது இயந்திரம் பந்துக்காகக் காத்திருக்கும்; அடுத்தவர் உருட்டும் பந்து அவர் கணக்கில் ஏறிவிடும். பிறகு திருத்திக்கொண்டே இருக்கவேண்டியதுதான். போட்டி தொடங்குவதற்கு முன்பே, அவர் பெயரை ‘வராதவர்’ என்று பதியும்படி மேசையில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். வராதவருக்குச் சராசரியிலிருந்து 10 பின் கழித்துக் கொடுப்பது பல லீக்குகளில் வழக்கம். இங்கே அதைக் கழிக்காதீர்கள். அவருடைய கடைசிப் பருவச் சராசரி முழுவதும் அவருக்கே போகட்டும்.

நேரக் கணக்கு: ஆளுக்கு ஓர் ஆட்டம் சுமார் 10 நிமிடம். ஒரு லேனுக்கு (பந்து உருளும் பாதைக்கு) நான்கு பேர், மூன்று ஆட்டம் என்றால் இரண்டு மணி நேரம். நினைவுரைகளை முதல் பந்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆட்டங்களுக்கு நடுவில் பேச்சு நீண்டால் ஆடுபவர்களின் கை குளிர்ந்துவிடும்.

மலரையும் மெழுகுவர்த்தியையும் அப்ரோச்சில், அதாவது நடந்துவந்து பந்தை விடும் பகுதியில், வைக்கவே கூடாது. கடைசி அடியில் ஆடுபவரின் ஒரு கால் வழுக்கிச் சென்று நிற்கவேண்டும். பூவிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் ஷூ அங்கே ஒட்டிக்கொள்ளும். உடல் முன்னால் போகும், கால் போகாது. மெழுகு இதற்கு நேர்மாறாகக் காலை வாரிவிடும். பின்களின் அருகே மாலை வைக்கலாமே என்று யாராவது சொன்னால் அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். அப்ரோச் முடியும் இடத்திலுள்ள ஃபவுல் லைன் என்ற கோட்டுக்கு அப்பால் எண்ணெய் பூசப்பட்டிருக்கிறது. அதை மிதித்துத் திரும்பி வருபவர் அப்ரோச் முழுவதும் அதைப் பரப்பிவிடுவார். படமும் மலரும் பந்து வந்துசேரும் ராக்குக்குப் பின்னால், இருக்கைகளின் பக்கம் இருக்கட்டும்.

அவர் ஸ்பேர்களுக்கு, அதாவது முதல் பந்தில் மிஞ்சிய பின்களை இரண்டாவது பந்தில் வீழ்த்துவதற்கு, பேர்போனவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கோப்பையை அதிக மதிப்பெண்ணுக்குக் கொடுப்பதைவிட ஸ்பேருக்குக் கொடுப்பதே பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். ஆனால் ஸ்பேர்களை வெறுமனே எண்ணாதீர்கள். முதல் பந்திலேயே பத்தையும் வீழ்த்தி நிறைய ஸ்ட்ரைக் போடுபவருக்கு ஸ்பேர் வாய்ப்பே குறைவாகத்தான் வரும். கிடைத்த வாய்ப்புகளில் எத்தனையை முடித்தார் என்று விழுக்காட்டில் பாருங்கள். மிஞ்சிய பின்கள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் ஸ்பிளிட்களைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் பையில் இரண்டு பந்துகள் இருக்கின்றன. ஒன்று மங்கலானது, மற்றது பளபளப்பானது. எப்படிப் பாதுகாப்பது? என் மகன் பயன்படுத்தலாமா?

பதில்: சகோதரி, மங்கலானது முதல் பந்துக்கானதாக இருக்கும், ரியாக்டிவ் ரெசின் மேற்பரப்பு, லேனின் பின்பகுதியில் வளைந்து பாக்கெட்டுக்குள் நுழைவதற்காக. இடக்கைக்காரருக்குப் பாக்கெட் என்பது 1, 2 பின்களுக்கு இடைப்பட்ட இடம். பளபளப்பானது கடினமான பிளாஸ்டிக், அதுதான் ஸ்பேர் பந்து. இடக்கைக்காரருக்கு அடிக்கடி மிஞ்சி நின்று தொல்லை தருவது இடக்கோடியில் இருக்கும் 7ஆம் பின். வலது ஓரத்தில் நின்று லேனைக் குறுக்காகக் கடந்து அதை அடிக்கவேண்டும். வழியில் வளையும் பந்து அதற்கு ஆகாது. பிளாஸ்டிக் பந்து எண்ணெயையும் காய்ந்த பலகையையும் பொருட்படுத்தாமல் நேராகப் போகும். உங்கள் தந்தை பேர் வாங்கியது இந்தப் பந்தால்தான் என்று நம்புகிறோம்.

ரியாக்டிவ் பந்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. லேன் எண்ணெயை அவை உறிஞ்சி வைத்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான துணியால் துடைத்துக் காயவிடுங்கள். விரல் துளைகளுக்குள் நீர் போகாதபடி முதலில் நாடாவால் மூடிக்கொள்ளுங்கள். எண்ணெயை வெளியே எடுக்கிறேன் என்று ஹேர் டிரையரையோ அடுப்பையோ நாடாதீர்கள். மேலோடும் உள்ளிருக்கும் கருவும் வெப்பத்தில் ஒரே அளவில் விரிவதில்லை. அப்படித்தான் பந்து வெடிக்கிறது. விரிசல் பெரும்பாலும் இரண்டு விரல் துளைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பகுதியில் தொடங்கும். கார் டிக்கியில் விட்டுவைத்த பந்துகள் வீணாவதும் இதனால்தான். வீட்டுக்குள், வெயில் படாத அலமாரியில், ரப்பர் வளையத்தின் மேல் வையுங்கள். மாதம் ஒருமுறை சற்றே திருப்பி வையுங்கள். ஒரே இடத்தில் எடை அழுந்தக் கூடாது.

மகன் விஷயம். பந்து 14 பவுண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், ஏறக்குறைய 6.3 கிலோ. சிறுவர்களுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான அளவு. 36 கிலோ எடையுள்ள பையனுக்கு 8 பவுண்டு போதும். அவன் வளர்ந்தபிறகும்கூட, துளைகளை அடைத்துப் புதிதாகத் துளையிடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். கட்டைவிரல் துளைக்குள் சின்னச் சின்ன நாடாத் துண்டுகள் ஒட்டியிருக்கும், பாருங்கள். ஆட ஆட விரல் வீங்கும்போது ஒன்றை உரித்து, சுருங்கும்போது ஒன்றை ஒட்டி அவரே அமைத்துக்கொண்ட பிடி அது. துளையை அடைத்துவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. துளையிடுபவரிடம் கொண்டுபோய் விரல் இடைவெளி, துளைகளின் அகலம், சாய்வுக் கோணம் மூன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாடாவை மட்டும் உரிக்காதீர்கள்.

கேள்வி: பக்கத்து லேனில் நான் ஏறினால் அவர் எப்போதும் ஒதுங்கி நிற்பார். அது விதியா, பண்பா? உலக அளவில் இப்படி எல்லோராலும் நேசிக்கப்பட்ட ஆட்டக்காரர் யார்?

பதில்: இரண்டும்தான். பக்கத்து லேன்காரர் ஏற்கெனவே அப்ரோச்சில் ஏறியிருந்தால் அவர் முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஏறினால் வலப்பக்கம் இருப்பவருக்கு முதலிடம். வலப்பக்கம் நின்றபோதும் அவர் உங்களுக்கு வழிவிட்டார் என்றால், அது அவருடைய பண்பு.

இரண்டாவது கேள்விக்கு டிக் வெபர் என்றே சொல்வோம். 1929இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பிறந்தவர், அஞ்சல் ஊழியராக இருந்து ஆட்டத்துக்கு வந்தவர். 1958இல் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமான பிபிஏ உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். பல பட்டங்கள் வென்றார். அதே 1958இல் அவர் இடம்பெற்ற ஐவர் அணி மூன்று ஆட்டங்களில் 3858 பின்கள் எடுத்தது. ஆளுக்கு ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 257. அந்தச் சாதனை 1990கள் வரை நின்றது. 2005 பிப்ரவரியில் காலமானார். மகன் பீட் வெபர் 2012இல் தமது ஐந்தாவது யு.எஸ். ஓப்பன் பட்டத்தை 215க்கு 214 என்று ஒரே பின் வித்தியாசத்தில் வென்றபோது முந்தியது, அதை ஆளுக்கு நான்கு முறை வென்றிருந்த தந்தையையும், தந்தையின் சமகால ஆட்டக்காரர் டான் கார்ட்டரையும்தான்.

கேள்வி: தாத்தாவின் பர்ஸில் ஒரு மதிப்பெண் சீட்டு இருந்தது. ஒரு X கூட இல்லை, எல்லாம் 9 / என்றே இருக்கிறது. மொத்தம் 190. இது நல்ல ஆட்டமா? எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது.

பதில்: தம்பி, மிக நல்ல ஆட்டம். முதல் பந்தில் 9 விழுந்து, மிஞ்சிய ஒன்றை இரண்டாவது பந்தில் அடித்தால் அது ஸ்பேர். அதற்குப் பத்தும், அடுத்து உருட்டும் ஒரு பந்தில் விழுவதும் சேரும். அடுத்த பந்தும் 9 என்பதால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது சுற்றுக்கும், 19. பத்து ஃபிரேம்களுக்கு 190. ஸ்ட்ரைக்கே (X) இல்லாமல் ஒருவர் எடுக்கக்கூடிய மிக உயர்ந்த மதிப்பெண் இதுதான். நடுவில் ஒரே ஒரு பின்னைத் தவறவிட்டிருந்தாலும் 180 ஆகியிருக்கும். தனியாக நின்ற ஒரு பின்னைத் தாத்தா பத்து முறை குறிவைத்தார், பத்து முறையும் வீழ்த்தினார்.

சீட்டு மங்குவதற்குக் காரணம் அது வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பது. லேமினேட் செய்துவிடாதே, அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும். பிளாஸ்டிக் உறையிலும் போடாதே. இன்றே நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, சாதாரணத் தாளில் அச்சிட்டுக்கொள். மூலச் சீட்டை ஒரு காகித உறையில் போட்டு, இருட்டான இடத்தில் வை. அச்சிட்ட தாளின் பின்புறம் தேதியைப் பென்சிலால் எழுது. அன்று உடன் ஆடியவர்களிடம் கேட்டுப் பார். எந்தெந்த ஃபிரேமில் 7ஆம் பின் மிஞ்சியது என்று யாருக்காவது நினைவிருந்தால் அதையும் பக்கத்தில் குறித்துவை.