டிரைவர் சிடிக்கு 120 வெள்ளியா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டக் கோயிலின் செயலாளர் நான். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதென்று, கோயில் மடிக்கணினியில் அண்ணன் மகன் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். எங்கள் பழைய எச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டரின் பெயர் திரையில் தெரிகிறது. ஆனால் அச்சடிக்கக் கொடுத்தால் தாள் அசையவே இல்லை. டவுன் கடையில் 'லினக்ஸ் டிரைவர் சிடி' 120 வெள்ளி என்கிறார்கள். திருவிழா நோட்டீஸ் அடிக்க வேண்டும். வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்காதீர்கள். முதலில், உங்கள் மடிக்கணினியில் சிடி நுழைக்க இடமாவது இருக்கிறதா என்று பாருங்கள்!

இப்படி 80 வெள்ளி கொடுத்து வாங்கிய சிடி ஒன்றை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். திறந்தால் அத்தனையும் விண்டோஸ் கோப்புகள். லினக்ஸில் அவை ஓடாது. கடைக்காரத் தவுக்கேயிடம் திருப்பிக் கேட்டதற்கு, "உங்கள் பிரிண்டர் பழசு, புதுசு வாங்குங்கள்" என்றாராம். 'டிரைவரைத் தானே தேடித்தரும்' என்று இணையத்தில் மின்னும் மென்பொருள்களும் இதே ரகம்தான். கிட்டே போகாதீர்கள். டிரைவர் என்பது சாமானைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள். லினக்ஸில் பழைய சாமான்களுக்கான டிரைவர் பெரும்பாலும் கெர்னல் என்ற அதன் மையப் பகுதியோடு வந்துவிடும், இல்லாவிட்டால் மிண்டின் இணையக் கிடங்கில் இலவசமாகக் கிடைக்கும்.

சாமான் எது என்று உறுதிசெய்ய வேண்டுமா? கட்டளை அடிக்கும் சன்னலான டெர்மினலைத் திறந்து எல், எஸ், யு, எஸ், பி என்று சிறிய எழுத்தில் சேர்த்து அடியுங்கள். ஐந்தெழுத்து உங்களுக்குப் புதிதா என்ன! வரும் பட்டியலில் 03எஃப்0:2பி17 என்ற எண் இருந்தால் அது உங்கள் 1020. மேலே ஒட்டியிருக்கும் பெயரைவிட இந்த எண்ணை நம்புங்கள்.

இனி உங்கள் சிக்கல். பிரிண்டருக்கு உள்ளே ஓட வேண்டிய ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருள் உண்டு. பெரும்பாலான பிரிண்டர்கள் அதைத் தமக்குள்ளேயே வைத்திருக்கும். 1020-இல் அதை நிரந்தரமாக வைக்க நினைவகமே இல்லை. சுவிட்சை அணைத்தால் மறந்துவிடும். ஒவ்வொரு முறை போடும்போதும் கணினிதான் அதை மறுபடி ஊட்ட வேண்டும். ஊட்டாவிட்டால் பெயர் சொல்லும், வேலை செய்யாது. அந்தக் கோப்பு எச்பியின் தனியுரிமை என்பதால் மிண்ட் அதைச் சேர்த்துத் தருவதில்லை. ஒரு சின்னக் கோப்புக்கு இத்தனை பிகு! விற்றுக் காசு பார்த்தவர்கள் அவர்கள், ஓடி அலைவது கோயில் செயலாளர்.

மிண்டின் மென்பொருள் மேலாளரில் எச்.பி.எல்.ஐ.பி. என்று தேடுங்கள். எச்பி பிரிண்டர்களுக்கான லினக்ஸ் மென்பொருள் அது. அதன் ஜியூஐ (சன்னலும் பொத்தானும் உள்ள) தொகுப்பை நிறுவுங்கள். பிறகு மெனுவில் 'எச்பி டிவைஸ் மேனேஜர்' அல்லது 'எச்.பி.எல்.ஐ.பி. டூல்பாக்ஸ்' என்ற பெயரில் அது வரும். அதில் பிரிண்டரைச் சேர்க்கும்போது 'பிளகின்' என்ற எச்பியின் துணை மென்பொருளை இறக்கட்டுமா என்று கேட்கும். சம்மதியுங்கள். ஃபர்ம்வேர் அதற்குள்தான் இருக்கிறது. கோயிலில் வைஃபை இல்லையென்றால் கைப்பேசியைக் கேபிளில் மாட்டி, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள், போதும்.

அப்புறம் பிரிண்டரை அணைத்து, கணினி முழுதாக எழுந்த பிறகு மறுபடி போடுங்கள். உள்ளே ஒருமுறை கரகரவென்று சத்தம் கேட்டால் ஊட்டியாயிற்று. முதலில் ஒரே ஒரு தாள் அடித்துப் பாருங்கள்.

நோட்டீஸ் அடித்து முடித்து, சில மாதம் கழித்து பிரிண்டர் மறுபடி ஊமையானால், அப்டேட்டில் எச்.பி.எல்.ஐ.பி.யின் பதிப்பு மாறியிருக்கலாம். பிளகின்னும் அதே பதிப்பாக இருக்க வேண்டும். அதை மட்டும் திரும்ப இறக்கினால் சரியாகிவிடும். அதற்கும் டவுனுக்குப் போக வேண்டியதில்லை.