குரல் கேட்கிறது என்று நோயாளி சொன்னால் செவிலியர் என்ன பதில் சொல்வது?

உதகையில் செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: அடுத்த வாரம் மனநலப் பிரிவில் பயிற்சி தொடங்குகிறது, மனச்சிதைவு நோயாளி தனக்குக் குரல்கள் கேட்பதாகச் சொன்னால் ஆமாம் என்பதா, இல்லை என்பதா? வாயே திறக்காதவரிடம் என்ன பேசுவது? நீலகிரியில் மனநலப் பிரிவிலும், பிறகு ஊர் ஊராகச் செல்லும் மருத்துவக் குழுவிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், நான் தவறு செய்து கற்றுக்கொண்டவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். "எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்குக் கேட்கிறது என்பது புரிகிறது. பயமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். குரல் பொய்யாக இருக்கலாம்; அது தரும் அச்சம் பொய் இல்லை, நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்த அச்சத்துக்குத்தான். அடுத்ததாக, குரல் என்ன சொல்கிறது என்று நேரடியாகக் கேட்கத் தயங்காதீர்கள். தன்னையோ பிறரையோ தாக்கும்படி அது கட்டளையிடுகிறதா என்பதை அறிந்தே ஆக வேண்டும். அப்படியென்றால் அவரைத் தனியே விடாமல் உடனே மூத்த செவிலியருக்கும் மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும். அது தெரிந்தபின் குரலைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. போர்வை மடிப்பது, வானொலியில் பாட்டுக் கேட்பது, கூடவே முணுமுணுப்பது என்று கண்முன் இருக்கும் வேலைக்கு அவரை மெல்ல அழைத்து வாருங்கள். பாட்டு ஓடும்போதும் தாமே வாய்விட்டுப் பேசும்போதும் குரல்கள் அடங்குவதாகச் சொல்லும் நோயாளிகள் பலர்.

பணியில் சேர்ந்த புதிதில், குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டார். தேநீரில் விஷம் கலக்கிறார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. நான் மிகுந்த புத்திசாலித்தனமாக நடந்துகொள்வதாக நினைத்து, அவருடைய குவளையிலிருந்து ஒரு வாய் குடித்துக் காட்டினேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கள் மாற்று மருந்து சாப்பிட்டுவிட்டுத்தானே வந்தீர்கள், சிஸ்டர்?" என்றார். அதுவரை விஷம் வைப்பவர்களின் கூட்டத்தில் நான் இல்லை. அன்று முதல் நானும் சேர்ந்துவிட்டேன். மாயநம்பிக்கை ஆதாரத்தால் உண்டானதன்று. எனவே எதிர் ஆதாரத்தால் அது கரைவதில்லை, அந்த ஆதாரத்தையும் விழுங்கித் தானும் வளர்கிறது. அப்போது பொறுப்பிலிருந்த மூத்த சிஸ்டர் என்னிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பிரிக்காத தேயிலைப் பொட்டலத்தை அந்த அக்கா கையிலேயே கொடுத்து, சமையலறையில் உடன் நின்று, அவரையே காய்ச்சிக்கொள்ளச் சொன்னார். எங்கள் எல்லாருடைய தேநீரையும்விட அது நன்றாக இருந்தது என்பது வேறு கதை. சாப்பாட்டுக்கும் இதே வழிதான்: தோலுடன் வாழைப்பழம், ஓட்டுடன் முட்டை, அவர் கண்முன் பிரிக்கும் பிஸ்கட் பொட்டலம். மாத்திரையை மட்டும் ஒருபோதும் உணவில் மறைத்துக் கொடுக்காதீர்கள். ஒருமுறை அகப்பட்டால் அவருடைய சந்தேகத்துக்கு நாமே சாட்சி சொன்னதாகிவிடும்.

சந்தேகப்படுபவர் அருகில் மற்றொரு செவிலியரிடம் கிசுகிசுப்பதும் சிரிப்பதும் கூடாது. கேட்காமல் தோளைத் தொடுவதும் கூடாது. ஆறுதலாக நாம் வைக்கும் கை அவருக்குத் தாக்குதலாகத் தோன்றலாம். ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகமாகவே இடைவெளி விட்டு, கதவுக்கும் அவருக்கும் குறுக்கே நில்லாமல், சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசுங்கள்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. நோயாளி சொல்வதெல்லாம் நோயின் பேச்சு என்று எழுதிவிடாதீர்கள். பந்தலூர்ப் பகுதியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், இரவில் யாரோ பெரிய உருவம் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு நிற்பதாகச் சொல்ல, பயிற்சிக்கு வந்த மாணவர் அதைப் பிரமை என்று குறிப்பேட்டில் எழுதினார். விசாரித்தால் அது யானை. அந்த வாரத்தில் பக்கத்து வீட்டின் சமையலறைச் சுவரையே இடித்திருந்தது. படுகர், பணியர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் என்று பலரும் கலந்து வாழும் இம்மாவட்டத்தில், நாம் கேள்விப்படாத தெய்வத்தையோ வழக்கத்தையோ ஒருவர் சொன்னாலும், அவருடைய ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே அதற்குப் பெயர் வையுங்கள்.

பேச்சு வேறு, மருந்து வேறு என்று பாடத்தில் இரண்டு அத்தியாயங்களாக இருக்கும். நோயாளியிடம் அவை ஒன்றாகவே இருக்கின்றன. மனச்சிதைவுக்குத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்து தொடங்கிய ஒருவர் நடந்துகொண்டே இருந்தால், "ஏன் சும்மா உட்கார மாட்டீர்களா?" என்று அதட்டுவதற்கு முன், "உட்கார நினைத்தாலும் உள்ளுக்குள் ஏதோ உந்துகிறதா?" என்று கேளுங்கள். அது மருந்தால் வரும் கால் தவிப்பாக இருக்கலாம். கொந்தளிப்பு என்று தவறாகக் கருதி மருந்தை மேலும் கூட்டினால் தவிப்பும் கூடும். முதல் சில நாட்களில் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்வதும் கண்கள் மேலே செருகுவதும் நடிப்பல்ல, அதைத் தணிக்கும் மருந்தை உடனே கொடுக்க வேண்டிய நிலை. கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கே ஆபத்து. மனச்சிதைவுக்கான மற்றொரு மருந்தான குளோசபின் சாப்பிடுபவருக்கு இரத்த வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் தொடக்கத்தில் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை உண்டு. தொண்டை வலி, காய்ச்சல், நாட்கணக்கான மலச்சிக்கல் ஆகியவற்றை அவர் தாமாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். பீடியையும் கேளுங்கள்: புகை இம்மருந்தின் அளவை இரத்தத்தில் குறைக்கிறது, திடீரென்று நிறுத்தினால் அளவு ஏறிவிடும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் மலை இது. ஜூன் பிறப்பதற்குள் வீட்டில் எத்தனை நாள் மாத்திரை இருக்கிறது என்று கேட்பதையும் செவிலியரின் உரையாடலில் முக்கியமானதாகவே நான் வைப்பேன்.

வீட்டாரிடம் பேசுவதும் உங்கள் வேலைதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் இருக்கையில், குளிக்காமல், வேலைக்குப் போகாமல் படுத்தே கிடப்பவரைச் சோம்பேறி என்று திட்டுவது எளிது. ஊக்கமின்மையும் உணர்ச்சி மழுங்குதலும் நோயின் பகுதிதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இடைவிடாத குறைகூறலும், பகைமையும், அளவுமீறிப் பொத்திப் பொத்தி வளர்ப்பதும் இருக்கும் வீடுகளுக்குத் திரும்புபவர்களுக்கு நோய் மீண்டும் வருவது அதிகம் என்பதை 1950களின் இறுதியிலிருந்து லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகள் காட்டின. ஆனால் வீட்டாரைக் குற்றவாளிகளாக்கிப் பேசினால் அடுத்த முறை அவர்கள் அழைத்து வரமாட்டார்கள். நள்ளிரவில் வழி தெரியாமல் தவித்தால் 14416 என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி (டெலி மானஸ்) எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பதையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

பேசாதவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனச்சிதைவுக்கான நவீன மருந்துகளில் முதலாவதான குளோர்புரோமசின் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்த அதே 1952இல்தான், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் கருவி என்று அமெரிக்கச் செவிலியர் ஹில்டெகார்ட் பெப்லாவ் எழுதினார். அது எனக்குப் புரிந்தது கோத்தகிரிப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம். நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு அவர் அமரும் பெஞ்சின் மறுமுனையில் பத்து நிமிடம் உட்காருவேன். கேள்வி எதுவும் கேட்க மாட்டேன், "பனிமூட்டம் இறங்குகிறது", "குளிர்கிறது, ஸ்வெட்டர் கொண்டு வரவா?" என்ற அளவில் பேசிவிட்டு, "நாளை நான்கு மணிக்கு வருகிறேன்" என்று சொல்லி எழுவேன். பத்து நாட்கள் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினோராம் நாள் எனக்கு விடுமுறை. மறுநாள் நான் உட்கார்ந்ததும், "நேற்று ஏன் வரவில்லை?" என்றார். விடுமுறை என்று முன்கூட்டியே அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் கணக்கு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.