மோரா கில்லிசனின் ஆய்வு எதைப் பற்றியது? தொண்டைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு அதனால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், தொண்டைப் புற்றுநோய் எல்லாம் ஒரே நோய் இல்லை என்று காட்டியவர்களில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவரான கில்லிசன் முக்கியமானவர். புகையிலையும் மதுவும்தான் காரணம் என்று இருந்த காலத்தில், 2000-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழுவோடு 253 தலை, கழுத்துக் கட்டிகளைச் சோதித்தார். சுமார் 25 சதவீதத்தில் எச்.பி.வி. (மனித பாப்பிலோமா) வைரஸ் இருந்தது, அதுவும் பெரும்பாலும் டான்சில், அடிநாக்குப் பகுதிகளில். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அதே வைரஸ்தான்.

2010-இல் அவர் பங்கேற்ற இன்னொரு ஆய்வு வந்தது. நடுத்தொண்டைப் புற்றுநோயில் வைரஸ் உள்ளவர்களில் 82 சதவீதம் பேர் மூன்றாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள்; இல்லாதவர்களில் 57 சதவீதம்தான்.

சரி, இவ்வளவு பேர் பிழைக்கிறார்கள் என்றால், எப்படி வாழ்கிறார்கள்? கதிர்வீச்சில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் கெட்டு வாய் வறண்டுவிடும். சோறு தொண்டையில் நிற்கும், கழுத்து இறுகும், தைராய்டு மந்தமாகலாம். அப்படியானால் சிகிச்சையைக் குறைத்தால் என்ன? வைரஸ் வகை நோயாளிகளுக்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குப் பதில், பக்கவிளைவு குறையும் என்று நம்பி, செடுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நியாயமான யோசனைதான், ஆனால் பலிக்கவில்லை: ஐந்தாண்டில் பிழைத்தவர்கள் 84.6-இலிருந்து 77.9 சதவீதமாகக் குறைந்தார்கள். எனவே வைரஸ் வகை என்று தெரிந்ததும் "மருந்தைக் குறையுங்கள்" என்று மருத்துவரை நெருக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று: கதிர்வீச்சு பட்ட தாடையில் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பு சிதையக்கூடும். எத்தனை வருடம் ஆனாலும் பல் மருத்துவரிடம் பழைய சிகிச்சையைச் சொல்லிவிடுங்கள்.