நாணயத்துல இருக்கற தலை யாரோடது? ரோமானிய மாகாண நாணயங்கள் - கேள்வி பதில்

ரோமப் பேரரசுல கிழக்குப் பக்க ஊர்கள் தாங்களே அடிச்சுக்கிட்ட நாணயங்கள் பத்தி கேளுங்க, சொல்றேன். ரெண்டு பக்கமும் போட்டோ வேணும், எடையும் விட்டமும் வேணும். அனுப்பறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு எதையும் போட்டு தேய்க்காதீங்க.

கேள்வி: அண்ணா, சிரியா பக்கத்து ஊரான அந்தியோக்கியாவோட டெட்ராட்ராக்ம் (நாலு டிராக்மா வெள்ளிக்காசு), பின்னாடி கழுகு. பேரு அந்தோனினோஸ்னு இருக்கு. கரகல்லாவா எலகபாலஸா?

பதில்: இந்த ரெண்டு ரோமப் பேரரசர்களுக்குமே ஆட்சிப் பேரு மார்கஸ் ஆரேலியஸ் அந்தோனினஸ்தான், அதான் எல்லாரும் இங்க மாட்டிக்கறாங்க. கழுகோட காலுக்கு நடுவுல மிருகத்தோட தொடை இருந்தா கரகல்லா. ரெண்டு ஓரத்துலயும் டெல்டா, எப்சிலான்னு ரெண்டு கிரேக்க எழுத்து தனியா நின்னா எலகபாலஸ். முகத்தை கடைசியா பாருங்க. 217ல கரகல்லாவை கொன்னுட்டாங்க, அடுத்த வருஷம் பாட்டி ஜூலியா மேசா பதினாலு வயசு பேரன் எலகபாலஸை கொண்டுவந்து இவன் கரகல்லாவோட மகன்னு சொல்லித்தான் படையை தன் பக்கம் இழுத்தாங்க. அந்தப் பையனுக்கு கரகல்லா பேரையே வெச்சாங்க, ஜாடையும் ஒத்துப்போகணும்னு நினைச்சிருப்பாங்க. நாம குழம்பறதுல ஆச்சரியமே இல்ல.

கேள்வி: சார், பித்தளை மாதிரி மின்னுது, புளி போட்டு தேய்ச்சேன். யாரு இது?

பதில்: எழுத்து எல்லாம் போயிடுச்சு, இனி சொல்ல முடியாது. செம்பு அண்டாவுக்குத்தான் புளி. அந்தப் பச்சைப் படலத்துக்கு மேலதான் எழுத்தோட விளிம்பு நிக்குது, அதை எடுத்தா பேரும் சேர்ந்து போயிடும்.

கேள்வி: ஐயா, எமெசா செம்பு நாணயம் ஒண்ணு இருக்கு. தலைக்குப் பக்கத்துல 'அந்தோனினோஸ்' தெளிவா தெரியுது, இடது பக்கம் தேஞ்சிருக்கு. பின்னாடி கோயில், உள்ள கூம்பு மாதிரி கல். விக்கறவர் எலகபாலஸ்னு சொல்றார். சரியா?

பதில்: இதுக்கு கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், இது நல்ல கேள்வி. எமெசாங்கறது இப்ப சிரியாவுல இருக்கற ஹோம்ஸ். அந்தக் கல்லுதான் அந்த ஊரு சாமி, எலகபாலஸ் அதோட பூசாரி, அதனால கல்லைப் பாத்த உடனே எலகபாலஸ்னு விக்கறவங்க எழுதிடறாங்க. ஆனா இவங்களுக்கெல்லாம் முன்னாடி இருந்த பேரரசர் அந்தோனினஸ் பயஸ் காலத்துலயே கல்லு மேல கழுகு நிக்கற மாதிரி அந்த ஊர்ல நாணயம் இருக்கு, கரகல்லா நாணயத்துலயும் கோயில் இருக்கு. கல்லு ஊரோட அடையாளம், ராஜாவோடது இல்ல.

கோயிலுக்கு அடியில, நிலக்கோட்டுக்குக் கீழ மூணு எழுத்து இருக்கும், லென்ஸ் வெச்சு பாருங்க. அது வருஷம், எழுத்தை எண்ணா கூட்டணும். சீட்டா 7, கப்பா 20, ஃபை 500, ஆக 527. அந்தப் பக்கத்து ஆண்டுக்கணக்கான செலூக்கிய ஆண்டு கி.மு. 312ல தொடங்குது, கழிச்சா கி.பி. 215-216, அப்ப அது கரகல்லா. எப்சிலான், க்சி, ஃபைன்னு இருந்தா 5, 60, 500, ஆக 565, அதாவது 253-254. அப்ப எலகபாலஸ் செத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு! அது உரானியஸ் அந்தோனினஸ், பாரசீக ராஜா சாபூர் படை சிரியாவுக்குள்ள புகுந்த சமயத்துல எமெசாவுல தானே பேரரசன்னு எழும்பினவர், தங்கத்துல கூட நாணயம் அடிச்சிருக்கார். செம்புல கிடைக்கறது அரிது, கிடைச்சா விட்டுடாதீங்க.

கேள்வி: வருஷமெல்லாம் எதுக்கு, முகத்தைப் பாத்தாலே தெரியலையா? முறைச்ச பார்வை, தாடி. கரகல்லாதான்.

பதில்: மாகாண ஊர்ல அச்சு வெட்டினவரு ராஜாவை நேர்ல பாத்திருக்கணும்னு அவசியமில்ல, கைக்கு வந்த படத்தைப் பாத்து வெட்டுவாங்க. ஒரே ராஜா பக்கத்து ஊர்ல வேற மூக்கோட இருப்பார்.

கேள்வி: சரி, ஆனா தேஞ்ச நாணயத்துல சீட்டாவும் எப்சிலானும் ஒண்ணுபோல இருக்கும். உங்க வருஷக் கணக்கும் நம்பகம் இல்ல.

பதில்: முதல் எழுத்துல குழப்பம் வரும், ஒத்துக்கறேன், அதனாலதான் நடு எழுத்தைப் பாக்கணும். கப்பாவுக்கு இடது பக்கம் நேர்க்கோடு ஒண்ணு செங்குத்தா நிக்கும், க்சிக்கு அது கிடையாது. அதுவும் போச்சுன்னா தலைப்பக்கம் பேருக்கு வாங்க. கரகல்லாவுக்கு மார்கஸ் ஆரேலியஸோட சுருக்கம் வரும். உரானியஸுக்கு அந்தோனினோஸுக்கு முன்னாடி 'சுல்ப்'னு, அதாவது சுல்பிகியஸோட சுருக்கம், கிரேக்கத்துல அஞ்சு எழுத்து. தேஞ்ச இடத்துல சாய்வா வெளிச்சம் அடிச்சு போட்டோ எடுங்க, ஒரு பை (Π, மேல சொன்ன ஃபை இல்ல) எழுத்து தெரிஞ்சாலே போதும், கரகல்லா பேருல அந்த இடத்துல பை வராது. இத்தனைக்கும் இந்த உரானியஸ் ஒரு ஆளுக்கு மட்டும் முகத்துக்கு கொஞ்சம் மதிப்பு தரலாம், ஏன்னா இவர் உள்ளூர்க்காரர், அச்சு வெட்டினவரு நேர்ல பாத்திருக்க வாய்ப்பு உண்டு. அப்பவும் பேரும் வருஷமும் முதல்ல.

கேள்வி: எனக்கும் கல்லு போட்ட நாணயம் இருக்கு, எலகபாலஸ்தானே?

பதில்: மேல படிங்க.

கேள்வி: கரூர் அமராவதி ஆத்துல எடுத்த சின்ன செம்புக் காசு, ரோமானியதுன்னாங்க. இது மாகாண நாணயமா?

பதில்: இருக்க வாய்ப்பு கம்மி. கரூர்ப் பக்கம் வர்ற ரோமானிய சின்னச் செம்பு பெரும்பாலும் 4, 5ஆம் நூற்றாண்டு காசு, அது வேற பிரிவு. மண்ணுல கிடைச்ச பொருளுக்கு 1878 புதையல் சட்டம் உண்டு, கலெக்டர் ஆபீஸ்ல சொல்லணும். கழுவ வேண்டாம்!

கேள்வி: ஸ்ட்ராடோனிகேயா (இப்ப துருக்கியில இருக்கற பழைய ஊர்) நாணயம், ஒரு தலை மட்டும் உளியால செதுக்கின மாதிரி இருக்கு. யாரோ கெடுத்துட்டாங்களா?

பதில்: அந்தக் காலத்துலயே கெடுத்தது. கரகல்லா தம்பி கேட்டாவை கொன்ன பிறகு அவன் பேரையும் முகத்தையும் எல்லா இடத்துலயும் அழிக்கச் சொன்னாங்க, அந்த ஊர்ல புழங்கிட்டிருந்த நாணயத்துலயே எதிர் எதிரா இருந்த ரெண்டு தலையில ஒண்ணை அழிச்சாங்க. கரகல்லா பொண்டாட்டி பிளாட்டில்லா தலையும் அப்படி அழிச்சது உண்டு. உங்களுதுல மிச்சமிருக்கற கழுத்துக்கு மேல கொண்டை முடிச்சு தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா பிளாட்டில்லா.

கேள்வி: எமெசா நாணயம் என்ன விலை போகும்?

பதில்: விலை நான் சொல்றதில்ல. சிரியாவுல போர்க்காலத்துல நிறைய இடத்தை தோண்டி சூறையாடிட்டாங்க, அதனால பழைய ஏலப் பட்டியல்லயோ பழைய சேகரிப்புலயோ இருந்ததுக்கு கையில ஆதாரம் இருக்கறதை மட்டும் வாங்குங்க. விளிம்புல சுத்தி ஒரு கோடு ஓடினாலோ மேற்பரப்புல குட்டிக் குட்டி குழி இருந்தாலோ வார்ப்புப் போலியா இருக்கலாம், எடுக்காதீங்க.